பழைய விஞ்ச்: பெட்டியை மாற்றுவதா, பிரேக்கை மாற்றுவதா, மொத்தமாகப் பெயர்ப்பதா?

பழனி மலைக்கு ஏறக்குறைய 690 படி. ஏற முடியாதவர்களுக்கு 1960களிலிருந்தே விஞ்ச், அதாவது கயிறு கட்டித் தண்டவாளத்தில் பெட்டியை மேலே இழுக்கும் இழுவை ரயில், இருக்கிறது. 2004-ல் ரோப்கார் வந்த பிறகும் விஞ்ச் வரிசை குறைந்தபாடில்லை. இப்படிப் பல பத்தாண்டுகள் ஓடிய இழுவை ரயில் எந்த மலையில் இருந்தாலும், நிர்வாகத்தின் மேசைக்கு ஒருநாள் அதே கேள்விதான் வரும். பழையதையே பிரித்துப் பூட்டி ஓட்டலாமா? பெட்டியை மட்டும் புதிதாக இறக்கலாமா? மோட்டார், பிரேக், கன்ட்ரோல் பேனலை மாற்றலாமா? தண்டவாளம் உட்பட எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடலாமா? ரோப்கார்தான் இருக்கிறதே, விஞ்சே வேண்டாம் என்பவர்களும் உண்டு.

கீழே வருவது எந்தக் கோயில் விஞ்சின் இன்றைய நிலையைப் பற்றிய தீர்ப்பும் அல்ல. முடிவெடுக்க உட்காருகிறவர்கள் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதே விஷயம். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பணம் முதலில் கயிற்றுக்கும் அதன் முனைக்கும் போகவேண்டும், அடுத்து பிரேக்குக்கு, பிறகு அடிச்சட்டத்துக்கு. பெட்டி கடைசி. நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது. காரணமும் தெரிந்ததுதான். புதுப் பெட்டிக்கு உபயதாரர் கிடைப்பார், பெயர் எழுத இடமும் இருக்கும். பிரேக் லைனருக்கு யார் உபயம் கொடுப்பார்கள்?

எத்தனை நாள் நிறுத்த முடியும்?

இதற்கு விடை தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும். ஆஸ்திரேலியப் பனிமலைகளில் ஸ்கீட்யூப் என்று ஒரு பல்தண்டவாள ரயில் (தண்டவாளப் பல்வரிசையைப் பல்சக்கரம் கடித்து ஏறுவது) 1987-லிருந்து ஓடுகிறது. சுமார் எட்டரை கிலோமீட்டர், பெரும்பகுதி சுரங்கப்பாதை. பனிச்சறுக்குக் கூட்டம் ஜூன் முதல் அக்டோபர் வரைதான். மற்ற மாதங்களில் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நிதானமாக வேலை பார்க்கலாம். பழனிக்கு அந்த வசதி கிடையாது. தைப்பூசம், பங்குனி உத்திரம், கோடை விடுமுறை, வைகாசி விசாகம், மாதாமாதம் கிருத்திகை, கந்த சஷ்டி, கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் என்று ஆண்டு முழுக்கக் கூட்டம். கொஞ்சம் மூச்சுவிட முடிவது ஆடி ஆவணியில். அந்த மாதங்களில்தான் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும், ரோப்கார் அடிக்கடி நிற்கும். ஆகவே ரோப்காரின் வருடாந்தரப் பராமரிப்பையும் விஞ்ச் வேலையையும் ஒரே மாதத்தில் வைத்தால் படிக்கட்டு மட்டுமே மிஞ்சும்.

பழனியில் மூன்று தடங்கள் இருப்பது இந்த இடத்தில் பெரிய பலம். ஒன்றைப் பல மாதம் மூடினாலும் மற்ற இரண்டு ஓடும். ஒற்றைத் தடம் உள்ள மலையில் அதிகபட்சம் ஆறு வாரம் கிடைத்தாலே பெரிது. அங்கே மொத்தமாகப் பெயர்க்கும் வழி ஏட்டளவில்தான்.

கணக்கு ஒன்று

கீழே வரும் எல்லா ஒப்பீட்டுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். காலிப் பெட்டி 5 டன். 36 பேர், ஆளுக்கு 70 கிலோ என்றால் 2.5 டன். சரிவு 20 டிகிரி, தடத்தின் நீளம் 300 மீட்டர், வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர். 20 டிகிரியின் சைன் 0.342. ஆக 7.5 டன் பெட்டி கயிற்றை 2.57 டன் விசையில் இழுக்கும். உராய்வு 0.1 டன், 300 மீட்டர் கயிற்றின் சொந்த எடையால் 0.17 டன் சேர்ந்தால் ஏறக்குறைய 2.85 டன்.

ஆட்களை ஏற்றும் கயிற்றுக்குக் காப்புக் காரணி (இழுவையைப்போல் எத்தனை மடங்கில் கயிறு அறும் என்ற எண்) 8 என்று எடுத்தால் 22.8 டன் தாங்கும் கயிறு வேண்டும். 20 மில்லிமீட்டர், ஆறு புரி, உள்ளே எஃகு மையம், 1770 கிரேடு (கம்பியின் வலிமைத் தரம்) கயிறு சுமார் 25.7 டன்னில் அறும். போதும். ஒற்றைப் பெட்டியை டிரம்மில் சுற்றி இழுத்தால், கியர்பாக்ஸ் இழப்போடு 49 கிலோவாட் வருகிறது, 55 கிலோவாட் மோட்டார் போடவேண்டும். ஒரு பெட்டி ஏற இன்னொன்று இறங்கும் இரட்டை அமைப்பில் இரண்டு பெட்டியின் காலி எடையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அதனால் 30 கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும்.

முதல் வழி: பழையதைப் பிரித்துப் பூட்டுவது

அவசரமாக ஒதுக்கவேண்டிய வழி அல்ல இது. டிரம், தண்டு, கியர்பாக்ஸ் கூடு போன்ற கனமான இரும்புச் சாமான்கள் எண்ணெயும் பேரிங்கும் ஒழுங்காக இருந்தால் முப்பது நாற்பது வருஷம் தாராளமாக உழைக்கும். அந்தக் காலத்து டிசைனில் தேவைக்கு மேல் கனம் போட்டிருப்பதும் உண்டு. நீலகிரி மலை ரயில் இதற்கு நம் ஊர்ச் சான்று. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களுக்கு உதிரிபாகம் விற்க ஆளில்லாத காலத்தில், திருச்சி பொன்மலைப் பணிமனை 2010களில் அதே வகையில் புதிய இன்ஜின்களையே செய்து இறக்கியது. பட்டறையும் அனுபவமும் இருந்தால் பழைய சாமானை மறுபடி பிறக்கவைக்கலாம். வரைபடம் இல்லாதவர்கள், பல்சக்கரமும் புஷ்ஷும் இன்னும் முழுசாக இருக்கும்போதே கழற்றி அளந்து வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். பல் உடைந்த பிறகு கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனால், எந்த அளவில் வெட்டுவது என்று அவர்கள் நம்மைத்தான் கேட்பார்கள்.

இந்த வழி தோற்பது பெரும்பாலும் கயிற்றில்தான். கயிறு புதிதாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பதே முதல் கோளாறு. பழைய கயிறு மெலிந்துகொண்டே போனபோது கப்பியின் பள்ளத்தையும் தன் அளவுக்குக் குறுக்கி அரித்து வைத்திருக்கும். அதில் முழு 20 மில்லிமீட்டர் புதுக் கயிற்றைப் போட்டால் இரண்டு பக்கமும் நெரிபட்டு, சில மாதங்களிலேயே கம்பிகள் அறத் தொடங்கும். கயிறு மட்டம் என்று கம்பெனியைத் திட்டுவோம். கயிறு மாற்றுவதற்கு முன் பள்ளத்தை கேஜ் வைத்துப் பார்க்கவேண்டும்: பள்ளத்தின் ஆரம் கயிற்று விட்டத்தில் 0.53 மடங்குக்குக் குறையக்கூடாது. 20 மில்லிமீட்டருக்கு 10.6 மில்லிமீட்டர். குறைந்தால் லேத்தில் போட்டுப் பள்ளத்தைச் சீவவேண்டும், அல்லது லைனரை மாற்றவேண்டும். தடத்தின் நடுவே உள்ள ரோலர்களில் ஒன்று சுற்றாமல் நின்றுவிட்டாலும் போதும், கயிறு அதை அரம்போல ராவும், அதுவும் கயிற்றை ராவும். தினமும் காலை முதல் ஓட்டத்தில் ஒருவர் தடத்தோடு நடந்தால் இது கண்ணில் பட்டுவிடும்.

விட்டம் அளக்க அகன்ற தாடையுள்ள வெர்னியர் வேண்டும். இரண்டு எதிரெதிர்ப் புரிகளின் உச்சியில் பிடித்து, பிறகு 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை அளக்கவேண்டும். கூர்முனை வெர்னியரைப் புரிகளுக்கு நடுப்பள்ளத்தில் வைத்தால் அளவு பொய்யாகத்தான் வரும். எஃகு மையக் கயிறு 20-லிருந்து 18.6-க்கு மெலிந்தால் கழற்றிவிடுவது நல்லது. ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று மெலிந்திருந்தால் அறுந்த கம்பிகளை எண்ணிக்கொண்டு காத்திருக்கவேண்டாம், உள்மையம் நொறுங்கியிருக்கிறது. அறுந்த கம்பி தேட வெறுங்கை வைக்கக்கூடாது. பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்து மெதுவாக ஓட்டினால் நூல் மாட்டும் இடத்தில் கம்பி இருக்கிறது. உச்சியில் அறுந்த கம்பியைவிட, இரண்டு புரிகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்க்கும் கம்பி ஆபத்தானது. கறுப்பு கிரீஸை அப்பி வைத்தால் இதெல்லாம் மறைந்துபோகும். உள்ளே இறங்கும் மெல்லிய கயிற்றெண்ணெயே சரி, அதையும் பழைய அழுக்கைத் துடைத்த பிறகு போடவேண்டும். வருஷம் ஒருமுறை காந்தச் சோதனை (காந்தப்புலத்தில் கயிற்றை ஓட்டி உள்சேதத்தை வரைபடமாக எடுப்பது) செய்து, அந்த வரைபடத்தைப் போன வருஷத்ததோடு வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு வருஷத்து வரைபடம் மட்டும் இருந்தால் அதில் படிக்க அதிகம் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் கயிறு பெட்டியோடு சேரும் முனை. 2025 செப்டம்பர் 3-ல் லிஸ்பன் நகரத்தின் குளோரியா இழுவை ரயில் கவிழ்ந்து 16 பேர் இறந்தார்கள். கயிறு விட்டது அந்த முனையில்தான். பெட்டியோடு சேரும் அந்த இடம் கழற்றினாலொழிய கண்ணுக்குத் தெரியாது. அன்று காலை வழக்கமான கண்பார்வைச் சோதனையும் நடந்திருந்தது. நம் விஞ்ச் லாக் புத்தகத்தில் 'ரோப் நன்று' என்று தினமும் எழுதுகிறவர் இந்த முனையைப் பார்த்துத்தான் எழுதுகிறாரா? கேட்டுப் பார்க்கவேண்டும்.

முனையை மறுபடி வார்ப்பது இப்படி. வெட்டப்போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கட்டுக் கம்பியால் இறுக்கிச் சுற்றவேண்டும், இல்லாவிட்டால் புரி தளர்ந்துவிடும். ஒன்றிரண்டு மீட்டரை வெட்டிவிட்டு, முனைக் கம்பிகளைத் துடைப்பம்போல விரித்து எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவி, கூம்பு வடிவ சாக்கெட்டுக்குள் (முனையைப் பிடிக்கும் இரும்புக் கூடு) இழுத்து, ரெசின் (ஊற்றியபின் இறுகும் பிசின்) ஊற்றவேண்டும். பசை மிச்சம் இருந்தால் ரெசின் ஒட்டாது, கூம்பு உருவிக்கொண்டு வரும். அது வெளியிலிருந்து தெரியாது. முதல் லோடில் கூம்பு ஓரிரு மில்லிமீட்டர் உட்காருவது இயல்பு. பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் அதன் பிறகும் நகருகிறதா என்று தெரியும். வெட்டிய துண்டைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் புரி புரியாகப் பிரித்துப் பாருங்கள். உள்ளே துரு எவ்வளவு ஏறியிருக்கிறது, மையம் எப்படி இருக்கிறது என்று அது சொல்வதைக் காந்தச் சோதனைகூடச் சொல்லாது.

இரண்டாம் வழி: புதுப் பெட்டி மட்டும்

பார்க்க அழகு, திறப்பு விழாவுக்கு ஏற்றது, வேலையும் சில வாரத்தில் முடிந்துவிடும். ஆனாலும் நான்கு வழிகளில் எங்களுக்கு அதிகம் பயம் தருவது இதுதான்.

மேலே போட்ட கணக்குக்குத் திரும்புங்கள். புதுப் பெட்டியில் ஏ.சி., கண்ணாடிச் சன்னல், தானியங்கிக் கதவு என்று ஒன்றரை டன் கூடியது என்று வைத்துக்கொள்வோம். கயிற்று இழுவை 2.85-லிருந்து 3.36 டன் ஆகும். அதே 20 மில்லிமீட்டர் கயிற்றின் காப்புக் காரணி 9-லிருந்து 7.6-க்கு இறங்கிவிடும். மோட்டாருக்கு 58 கிலோவாட் வேண்டும், இருப்பதோ 55. பிரேக் 18 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கவேண்டும், அது பழைய பிரேக். கயிற்றை 22 மில்லிமீட்டராக மாற்றலாமே என்றால் டிரம் பள்ளம், கப்பிப் பள்ளம், சாக்கெட் அத்தனையும் மாறவேண்டும். பெட்டி என்று தொடங்கியது டிரம்மில் வந்து நிற்கும்.

உள்ளே போடும் சாமானும் கணக்கில் வரவேண்டும். ஆஸ்திரியாவின் காப்ரூன் பனிமலையில் 1974-லிருந்து ஓடிய இழுவை ரயிலில், 2000 நவம்பர் 11 அன்று தீப்பிடித்து 155 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் அறையில் பொருத்தியிருந்தது வீட்டு உபயோகத்துக்கான ஃபேன் ஹீட்டர். கசிந்த ஹைட்ராலிக் எண்ணெய் அதில் பட்டது. கதவுகள் திறக்கவில்லை, சன்னல் கண்ணாடியை உடைக்கச் சுத்தியலும் இல்லை. நமக்கு ஹீட்டர் வேண்டாம், சுரங்கப்பாதையும் இல்லை. ஆனால் மூடிய ஏ.சி. பெட்டியில் கரண்ட் போய் நடுமலையில் நின்றால், பங்குனி வெயிலில் உள்ளே பத்து நிமிஷம் இருக்க முடியுமா? திறக்கக்கூடிய சன்னல், கையால் திறக்கும் கதவுப் பிடி, ஒவ்வொரு பக்கமும் கண்ணாடிச் சுத்தியல், தீப்பற்றாத இருக்கை மெத்தை ஆகியவை ஏ.சி.க்கு முன்னால் வரவேண்டிய தேவைகள்.

பெட்டி மாற்றித்தான் ஆகவேண்டிய சமயமும் உண்டு. அடிச்சட்டத்தில் கயிறு பூட்டும் பிராக்கெட்டின் வெல்டிங்கை மாதம் தவறாமல் சாய மைச் சோதனையில் (மையைப் பூசித் துடைத்தால் விரிசலில் தங்கியது கோடாகத் தெரியும்) பாருங்கள். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி விரிசல் வந்து, வெல்டிங்மேல் வெல்டிங் வைத்து ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. அப்போதும் புதுப் பெட்டியின் மொத்த எடை பழையதைத் தாண்டக்கூடாது என்பதை டெண்டரின் முதல் வரியாக எழுதவேண்டும்.

மூன்றாம் வழி: பிரேக், டிரைவ், கன்ட்ரோல்

வெளியே ஒன்றும் தெரியாது. பெட்டியும் தண்டவாளமும் அதேதான். பணத்துக்கு அதிகப் பாதுகாப்பு கிடைப்பது இதில்தான்.

பழைய விஞ்ச் பலவற்றில் பிரேக் ஒன்றே ஒன்று, அதுவும் மோட்டார் தண்டில் இருக்கும் த்ரஸ்டர் பிரேக் (கரண்ட் இருக்கும்வரை விடுபட்டிருந்து, போனதும் ஸ்பிரிங்கால் கவ்வுவது). கியர்பாக்ஸுக்குள் தண்டு உடைந்தாலோ தண்டுகளை இணைக்கும் கப்ளிங் விட்டாலோ மோட்டார் பக்கம் அழகாக நிற்கும், டிரம் தன்பாட்டுக்கு உருளும். ஆகவே டிரம்மின் விளிம்பிலேயே டிஸ்க் வைத்து, ஸ்பிரிங்கால் கவ்வி எண்ணெய் அழுத்தத்தால் விடுபடும் காலிப்பர் போடவேண்டும். கயிறே அறுந்தால் அதுவும் உதவாது. அப்போது பெட்டியிலேயே இருந்து தண்டவாளத்தைக் கவ்வும் பிரேக்தான் காப்பாற்றும். லிஸ்பனில் ஓட்டுநர் பிரேக் போட்டார். கயிற்றின் மறுமுனையில் இருக்கும் பெட்டியின் எதிர்ச்சமன் இல்லாமல் பெட்டியை நிறுத்தும் சக்தி அந்தப் பிரேக்குக்கு இல்லை.

பிரேக் வலுவாக இருந்தால் மட்டும் போதாது. பெட்டி மேலே ஏறும்போது டிரம்மைச் சட்டென்று கவ்வினால், பெட்டி இன்னும் கொஞ்சம் மேலே போய், கயிறு தொய்ந்து, மறுகணம் பெட்டி பின்வாங்கிக் கயிற்றை வெடுக்கென்று இழுக்கும். 20 டிகிரி சரிவில் பெட்டியின் வேகம் தானாகக் குறைவது விநாடிக்கு 3.36 மீட்டர் வீதம். டிரம் அதைவிட வேகமாக நின்றால் தொய்வு நிச்சயம். அதனால் ஏறும்போது இரண்டு கட்டமாகவும் இறங்கும்போது உடனடியாகவும் பிடிக்கும் அமைப்பைக் கேட்டு வாங்கவேண்டும்.

மோட்டார் பக்கம் வந்தால், பழைய ஸ்லிப்ரிங் மோட்டாரில் கார்பன் பிரஷ், ரெசிஸ்டன்ஸ் பெட்டி, கான்டாக்டர் மூன்றும் தேய்ந்துகொண்டே இருக்கும். வேகம் கூடும் ஒவ்வொரு கட்டத்திலும் பெட்டி குலுங்கும். அந்தக் குலுக்கல்தான் அடிச்சட்டத்து வெல்டிங்கை விரியவைக்கிறது. மோட்டார் வேகத்தைப் படிப்படியின்றி மாற்றும் வி.எஃப்.டி. டிரைவ் போட்டால் குலுக்கல் போய்விடும். ஆனால் பாரத்தோடு இறங்கும்போது மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யும், அதற்கு ஒரு வடிகால் வேண்டும். லைனுக்கே திருப்பி அனுப்பும் டிரைவ் கரண்ட் பில்லைக் குறைக்கும் என்று விற்கிறவர் சொல்வார், உண்மைதான். கரண்ட் போய் ஜெனரேட்டரில் ஓடும்போது என்ன ஆகும் என்று கேளுங்கள். ஜெனரேட்டர் அந்த மின்சாரத்தை விழுங்காது. வோல்டேஜ் ஏறி டிரைவ் டிரிப் ஆகும் (தானாக நின்றுவிடும்), பிரேக் அடித்துப் பிடிக்கும், பெட்டிக்குள் நிற்பவர்கள் விழுவார்கள். இறங்கும் முழு லோடையும் எரித்துத் தீர்க்கும் அளவுக்கு பிரேக்கிங் ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். அது இருக்கும் அறைக்கு நல்ல காற்றோட்டமும் வேண்டும்.

இந்த வழியின் பலவீனம் ஆயுள். டிரைவ், பி.எல்.சி. (கன்ட்ரோலை நடத்தும் சிறு கணினி) கார்டு எல்லாம் பத்துப் பதினைந்து வருஷத்தில் கடையிலிருந்தே மறைந்துவிடும். வாங்கும்போதே ஒரு உதிரி டிரைவும், புரோகிராமின் நகலும், பாஸ்வேர்டும் நிர்வாகத்தின் கைக்கு வரவேண்டும். பாஸ்வேர்டு கான்டிராக்டர் பையில் இருந்தால் விஞ்சும் அவர் பையில்தான்.

சென்சார்கள் கூடும்போது பொய் டிரிப்பும் கூடும். வரிசையில் ஆயிரம் பேர் நிற்கும்போது கதவு சுவிட்ச் தொல்லை கொடுத்தால், ஆபரேட்டர் ஒரு துண்டு வயரில் அதைத் தாண்டிவிடுவார். இத்தாலியின் மொட்டரோனே ரோப்காரில் 2021 மே 23-ல் 14 பேர் இறந்ததற்குப் பின்னால் இருந்தது இதே புத்திதான். அவசர பிரேக் அடிக்கடி தானாகப் பிடிக்கிறது என்று அதைப் பிடிக்கவிடாமல் இரும்புக் கவ்வி மாட்டி ஓட்டினார்கள். அன்று இழுவைக் கயிறு அறுந்தது. பைபாஸ் தேவைப்பட்டால் பூட்டுச் சாவியில் இருக்கட்டும், சாவி இன்ஜினியரிடம் இருக்கட்டும், அந்த நிலையில் பயணி இல்லாமல் ஊர்ந்து செல்லும் வேகத்தில் மட்டுமே பெட்டி நகரட்டும்.

நான்காம் வழி: மொத்தமும் புதிது

தடம் கெட்டிருந்தால் மட்டும் இதைப் பற்றிப் பேசலாம். சரிவுத் தண்டவாளம் வெயிலில் நீண்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழ்நோக்கி நகரும். 12 மீட்டர் ரெயில் 40 டிகிரி ஏற்றத்துக்கு ஐந்தரை மில்லிமீட்டர் நீளும். கீழ்முனை மூட்டுகளில் இடைவெளியே இல்லாமலும் மேல்முனையில் விரல் நுழையும் அளவு இடைவெளியும் இருந்தால் தண்டவாளத்தை நகராமல் பிடிக்கும் ஆங்கரின் பிடிமானம் போய்விட்டது என்று அர்த்தம். இதைச் சரிசெய்யலாம். அடித்தளமே பாறையிலிருந்து விலகி, மழைத் தண்ணீர் கீழே அரித்து ஓடி, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள அகலம் ஒவ்வொரு மழைக்கும் மாறினால் மேலே எதைப் புதிதாகப் போட்டும் பிரயோசனமில்லை. அந்தத் தடத்தை மூடிவிட்டு வேலை பார்க்கவேண்டும், அதற்குப் பக்கத்தில் ஓடும் இன்னொரு தடம் வேண்டும்.

ரோப்காரை விஞ்சுக்கு மாற்று என்று சொல்வதற்கு இல்லை. பழனியில் விஞ்சுக்கு ஆகும் எட்டு நிமிஷ தூரத்தை ரோப்கார் மூன்று நிமிஷத்தில் கடக்கிறது, சரி. ஆனால் காற்றுக்கு நிற்கும், மாதம் ஒருநாளும் வருஷத்தில் பல வாரமும் பராமரிப்புக்கு மூடியாகவேண்டும். நடுவழியில் நின்றால் விஞ்சிலிருந்து தடத்தோரப் படியில் இறங்கி நடக்கலாம், ரோப்காரிலிருந்து கயிறு கட்டித்தான் இறக்கவேண்டும். முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அதிகம் வரும் மலையில் இரண்டும் இருக்கவேண்டும்.

வரிசை இதுதான்: இந்த ஆடியில் கயிற்று முனையும் கப்பிப் பள்ளமும், அடுத்த ஆடிக்குள் டிரம் பிரேக்கும் டிரைவும், அதன் பிறகு அடிச்சட்டச் சோதனை முடிவைப் பார்த்துப் பெட்டி. எந்த வேலை முடிந்தாலும் ஒப்படைப்புக்கு முன் மணல் மூட்டை ஏற்றி 125 சதவீத லோடில் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாக, மற்றதைத் திறந்து வைத்துவிட்டு, ஏறும்போது ஒருமுறை இறங்கும்போது ஒருமுறை பிடிக்கவைத்து, நின்ற தூரத்தை டேப் வைத்து அளந்து பலகையில் எழுதிவிடுங்கள். மாதாமாதம் காலிப் பெட்டியில் அதே சோதனை. அதற்கென்று தனி எண்ணை முதல் நாளே அளந்து வைத்திருக்கவேண்டும். தூரம் கால்பங்கு கூடினால் அன்று அந்தத் தடம் ஓடக்கூடாது. லைனரில் எண்ணெய் பட்டிருக்கிறதா, இடைவெளி கூடியிருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் முதல் இரண்டிலேயே காரணம் கிடைத்துவிடும்.